பொறிவண்டின் புழுக்கள்

என் வீட்டுக்காரிக்கு,

தப்பு என்னுடையது. இங்கே நான் வேலை பார்க்கும் பசுமைக்குடிலில், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்பதற்காகவே விட்டிருந்த பொறிவண்டின் புழுக்களை, செடியைத் தின்கிற புழு என்று நினைத்து நசுக்கிவிட்டேன். முதலில் உன் முழங்கால் வலியை விசாரித்திருக்க வேண்டும், வெட்கம் முந்திக்கொண்டது.

மேற்பார்வை பார்க்கும் பெண் கோபப்படவில்லை. "பெரியவரே, திருடனைப் பிடிக்கச் சொன்னா போலீஸையே அடிச்சிட்டீங்களே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஆனால் அதே கறுப்புப் புழு முன்பு ஊரில் நம் அவரைப் பந்தலிலும் இருந்தது. "பாவங்க, அது அசுவினியைத்தான் தின்னுது" என்று நீ போனில் தடுத்தாய். "உனக்கென்ன தெரியும்?" என்று கத்தி, உன் கையாலேயே நசுக்க வைத்தேன். பிறகு பந்தல் முழுக்க அசுவினி அப்பியபோது, அதற்கும் உன்னையே திட்டினேன்.

இனி அந்தப் புழுவை யாரும் தொடக் கூடாது. மகன் மருந்தடிக்கக் கூடாது. அசுவினி மொய்த்த நுனிகளை மட்டும் கிள்ளி எறியட்டும். உன் தம்பியிடம் இதைச் சொல்லாதே, கேலி செய்வான். என் கண்ணில் கோளாறில்லை. இருந்தாலும் பழைய கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. பந்தல் விஷயத்தில் இனி நீ சொல்வதுதான். நான் போனில் கத்தினால் வைத்துவிடு. மறுநாள் நானே கூப்பிடுவேன், அப்போது எடு.