அதே கையால்

ஐப்பசி, புதன் இரவு.

போன வருஷம் தடுப்பூசி முகாமில் சலீமுக்கு ஊசி போட்டது நான்தான். சில நாளில் அவருக்குக் கால் மரத்து நடை போனது. விரல்களிலும் உணர்ச்சி இல்லை. மதுரையில் மாதக்கணக்கில் கிடந்தார். மிக அபூர்வமாக இப்படி வருவதுண்டு, ஆனால் ஊசியால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள் டாக்டர்கள். அதிலிருந்து புதுமடத்தில் என்னைக் கண்டால் பாதி வீடுகளில் கதவைச் சாத்துகிறார்கள்.

இன்று சலீமே கைத்தடியோடு சுகாதார நிலையத்துக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி, கைக்குழந்தையோடு. அவளுக்கு அழுத முகம்.

"புள்ளைக்கு ஊசி போடணும்க்கா."

"நல்லா யோசிச்சீகளா தம்பி?"

"எங்க அக்கா மகன் கக்குவான் இருமல்ல மௌத்தாப் போனான். அவனுக்கு ஊசி போடல. அதையும் யோசிச்சுத்தான் வாரேன்."

"வேற நர்ஸை வரச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? நீங்களே போடுங்க."

குழந்தையின் காலை அவரே பிடித்துக்கொண்டார். மருந்துக் குப்பியின் பெயரை இருமுறை படித்துவிட்டு ஊசியை எடுத்தேன். குத்தியதும் குழந்தை வீறிட்டு உதைத்தாள். அவர் தன் விரல்களையே பார்த்தார்.

"உதைக்கிறது லேசாத் தெரியுதுக்கா."

காய்ச்சல் வந்தால் எந்நேரமும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். இதுவரை கூப்பிடவில்லை. போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. சார்ஜ் இருக்கிறதா என்று இதோடு எத்தனை முறை பார்த்துவிட்டேனோ.