விளக்கேற்ற ஒரு சுமங்கலி

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த வேட்டி காயவில்லை. பி.பி. மாத்திரை தீர்ந்தது, கம்பம் போனால் வாங்க வேண்டும்.

மாலை கமிட்டிக் கூட்டம். போர்களில் இறந்த எங்கள் ஊர்ச் சிப்பாய்கள் நால்வருக்கு நினைவுக் கல். ஞாயிறன்று திறப்பு. மூன்றாவது பெயர் என் அண்ணன். எழுபத்தொன்றில் போனவர். உடல் வரவில்லை, ஒரு தந்தியும் தகரப் பெட்டியும் வந்தன. நான் கமிட்டிச் செயலாளர். வேறு யாருக்கும் மினிட்ஸ் எழுத வராது, அதனால்.

பேசியவை:
1. கல் கருப்பா, சாம்பலா: முக்கால் மணி நேரம்.
2. பிரியாணியா, தக்காளி சாதமா: அரை மணி.
3. நால்வரும் எப்படி இறந்தார்கள்: யாரும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நவ. 5, புதன்

மேகமூட்டம். ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. அரிசி மில்காரரான கமிட்டித் தலைவரின் முகம் பூசணிக்காய் அளவு. இறந்தவர்கள் தபால்தலை அளவு. மேலே ஒரு போர் விமானம். நம் நாட்டுடையது இல்லை என்று சந்தேகம். சொல்லவில்லை.

அழைப்பிதழில் 'குத்துவிளக்கு ஏற்றுபவர்' இடம் காலி. நால்வரின் மனைவியரில் இன்று உயிரோடிருப்பவர் அண்ணன் மனைவி, என் மதினி மட்டும். அவர் ஏற்றட்டுமே என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தப்பா எடுத்துக்கிறாதீக சார்," என்றார் தலைவர். "நல்ல காரியம். சுமங்கலி ஏத்துறதுதான் முறை. எங்க வீட்டுல ஏத்தட்டும். உங்க மதினிக்கு முன்னாலயே நாற்காலி போட்ருவோம். பொன்னாடையும் உண்டு."

நல்ல காரியமாம். நால்வர் குண்டடிபட்டுச் செத்ததில் மங்கலம் எங்கே இருக்கிறது? இவர்களுக்குச் செத்தவன் வேண்டும்; அவன் விட்டுப்போன பெண் ஆகாது. போரை நினைப்பதென்றால் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பது என்றே தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம். எல்லாம் இங்கே எழுத வருகிறது. அங்கே "சரிங்க" என்றேன். காலி இடத்தில் தலைவர் மனைவி பெயரை நானே எழுதினேன்.

நவ. 7, வெள்ளி

வெயில். மதினி வீடு. மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கமிட்டியில் அவர் பெயரை நான் சொன்னது மட்டும் காதுக்கு எட்டியிருந்தது.

"விளக்குக்கு எம்பேரப் போட்டாச்சா, கொழுந்தனாரே?"

"பேசிக்கிட்டு இருக்காக, மதினி."

"உங்க அண்ணன் செத்த தந்தி ஓடி வந்துச்சு. ஒரு விளக்குக்கு இம்புட்டுப் பேச்சா?" சிரித்தார். "அன்னையிலருந்து ஒரு கல்யாணத்துல தாம்பாளத்தத் தொட விட்டிருப்பாகளா? இதுலயாச்சும் முன்னால நிக்கிறேன்."

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஒரு பை மொச்சையோடு திரும்பினேன்.

நவ. 9, ஞாயிறு

வானம் தெளிவு. நல்ல கூட்டம். மதினி முன்வரிசை, பெட்டியிலிருந்து எடுத்த சேலை, மடிப்புக் கலையாமல்.

மைக்கில் நான். விளக்கேற்ற அழைக்கிறேன் என்றதும் மதினி பாதி எழுந்துவிட்டார். தலைவர் மனைவி பெயரை வாசித்தேன். தெளிவாக. மதினி என் மேலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு நிமிட மௌனம். அதையும் நான்தான் அறிவித்தேன். எல்லோரும் தலை குனிந்து நிற்க, மதினி மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து, கல்லைத் தாண்டி, ரோட்டுக்கு நடந்தார். செருப்புச் சத்தம். நடுவில் தலைவரின் போன் பாடியது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தேனியிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் என் காதருகே: "யாரு சார் அந்தக் கிழவி? செத்தவுகளுக்கு ஒரு நிமிசம் நிக்க முடியலையா?"

தெரியவில்லை என்றேன்.