படத்தில் இல்லாத தபால்காரன்

மார்ச் 4, 2005, வெள்ளி. ஷார்ஜா

பிரைட் போன் செய்தார். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "டியூட்டி எப்படி?" "பரவாயில்ல." பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவதுதான் கேட்டது. அவர் சவூதியில் யான்பு ரிஃபைனரியில் டெக்னீஷியன், நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருஷம், சேர்ந்திருந்தது எழுபது நாள். இப்படியே போனால் இந்த மனுஷன் எனக்கு யார்? பயமாக இருக்கிறது.

அப்போதுதான் கவனித்தேன் — அவர் ரூம் டிவியிலும் என் ரூம் டிவியிலும் ஒரே சத்தம். ஏதோ பிரெஞ்சுப் படம். "கொலைக்கேசு போல இருக்கு," என்றார். போனை வைக்காமலே சேர்ந்து பார்த்தோம். கீழே அரபி எழுத்து ஓடியது. என் ரூம்காரி ஹபீபுன்னிசா ஒரு வரி விடாமல் சத்தமாக ஓதினாள். அர்த்தம் கேட்டால், "ஓதத்தான் தெரியும்"! மருந்துக்கடைக்காரர் செத்துக் கிடக்கிறார், ஊரே நிதானமாக விருந்து சாப்பிடுகிறது. பிரைட் சிரித்த சிரிப்பு!

பாதியில் அவருக்கு டியூட்டி பஸ் வந்துவிட்டது. "கொன்னது யாருன்னு பாத்து வையி. அடுத்த வெள்ளி சொல்லு."

மார்ச் 6

எங்கள் லெபனான் டாக்டரும் அந்தப் படத்தைப் பார்த்தாராம். எடுத்த கிழவர் பிரான்சில் பெரிய டைரக்டராம், இது மட்டும் சுமார் ரகமாம். இருக்கட்டுமே. எனக்கு இதுவே போதும்.

மார்ச் 11

கொன்றது மருந்துக்கடைக்காரரின் பொண்டாட்டிதான். கையுறையை அடுப்பில் போட்டு எரித்தாள், சின்னப்பிள்ளைக்கும் புரியும். ஆனால் சொல்லவில்லை. சொன்னால் கலாஸ், கதை முடிந்தது. நானாக ஒரு நொண்டித் தபால்காரனை நடுவில் நுழைத்தேன்.

"பொறவு?"

"பொறவு அடுத்த வாரம்."

மார்ச் 18

தபால்காரனுக்கு இப்போது ஒரு தங்கச்சியும் உண்டு. பிரைட்டுக்கு அவன்மேல்தான் சந்தேகமாம். நாற்பது நிமிஷம் பேசினோம்! சின்ன வயதில் தபால்காரரைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிவாராம். அப்பா கொச்சியில் இறந்த தந்தியைக் கொண்டு வந்தது அந்தத் தபால்காரர்தானாம். எனக்கு இதுவரை தெரியாது. பாவம், இவரிடமா நான் புளுகுகிறேன்?

மார்ச் 25, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். புளுக வாய் வரவில்லை. "இன்னைக்கு கொலைக்கதை வேண்டாம்," என்றேன்.

அவர் ஆரம்பித்தார். "இன்னைக்கு மறைக்கப்பிடாது. அந்தப் படத்த மறுநாளே திரும்பப் போட்டான். முழுசும் பாத்துட்டேன். அதுல தபால்காரனே கெடையாது, டெல்சி."

ஐயோ! வெட்கம் பிடுங்கித் தின்றது. "பின்ன எதுக்கு அவன்மேல சந்தேகப்பட்டிய?"

"நீ பேசுனேல்லா. அது நின்னுரப்பிடாதுன்னு."

அழுதுவிட்டேன். ஹபீபுன்னிசா தண்ணீர் கொண்டுவந்தாள்.

மார்ச் 27, ஈஸ்டர்

ஞாயிறு. டியூட்டிக்குக் கிளம்பும்போது போன். வெள்ளியைத் தவிர அவர் கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய், "என்னாச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அரைமணி நேரம் லேட். சூப்பர்வைசர் திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே நின்றேன்.