கமலம் எழுதாத குறை

1934 ஜூலை 12, வியாழன்

லண்டன் சங்கீதப் பரீட்சையில், கேட்ட பாட்டின் நிறைகுறைகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இன்று வகுப்பில் ராசம்மாவைப் பாட வைத்தேன். மேல் ஷட்ஜத்தில் குரல் பிசிறியது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள் கமலத்தை எழுதி வாசிக்கச் சொன்னேன். வாசித்ததெல்லாம் நிறைதான்.

“குறை எங்க, பிள்ளை? இப்படி எழுதினா அரைவாசி மார்க்தான் வரும்.”

அவள் மேசையருகே வந்து மெல்லச் சொன்னாள். “காதுல விழுந்துச்சுங்க டீச்சர். நான் வாசிச்சா அவ இனிமே பாட மாட்டா.”

கோபித்து அனுப்பிவிட்டேன். ராசம்மா விறாந்தையில் அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

இப்போது கமலம் எழுதிய அந்த ஆங்கிலக் கட்டுரையைத் திருத்த வேண்டும். வரிக்கு வரி பிழை. சிவப்பு மையைத் தொட்டேன். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். மை பேனாவிலேயே காய்ந்துவிட்டது.