மதகடி வெள்ளைக்கல்

மார்கழி 9, செவ்வாய்

இந்தக் கொப்பியை யாராவது எடுத்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குக்கூட. மட்டையில் ‘கணிதம், தரம் 10’ என்று போட்டிருக்கிறேன். முன்பக்கங்களில் உண்மையாகவே கணக்குத்தான் இருக்கிறது. அதோடு மூடிவிடுங்கள்.

அம்மா படுத்துவிட்டார். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இன்று அப்பாவை வேலையால் நிறுத்திவிட்டார்கள். கள்ளன் என்று.

புயல் அடித்துப் பன்னிரண்டு நாள். எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் தண்டவாளம். சுன்னாகம் ஸ்ரேசன் தாண்டி வடக்கே முதல் மதகு, அதற்கு நேரே எங்கள் வேலிப் படலை. அன்றைக்கு வந்த வெள்ளம் மதகின் இரண்டு பக்கத்து மண்ணையும் கொண்டுபோய்விட்டது. தண்டவாளம் உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரி அந்தரத்தில் தொங்குகிறது. அப்பா பதினொரு வருசமாக இந்தத் துண்டில்தான் தண்டவாள வேலை. முதல் நாளே கல் இடித்து இறுக்கும் அலவாங்கோடு இறங்கியவர்.

யாழ்ப்பாணத்தில் கருங்கல் கிடையாது. எப்போதும் றெயினில்தான் வரும். தெற்கேயும் பாதை உடைந்து கிடக்கிறது. இப்போது கல் கொண்டுவர றெயின் வேண்டும், றெயின் வரக் கல் வேண்டும். அதனால் லொறியில் கல் கொண்டுவந்து நிரப்பும் கொந்தராத்தை லொறி முதலாளி கனகலிங்கத்துக்குக் கொடுத்தார்கள். சனிக்கிழமை அப்பா ஒரு குவியலைக் கிளறிப் பார்த்தார். மேலே கறுப்பு. கீழே முழுக்க வெள்ளை. எங்கள் தோட்டத்தில் கிண்டினால் வருகிற அதே சுண்ணாம்புக்கல்.

“முதலாளி, இது கல்லில்லை. கோச்சி ஓடி ஓடி இடிக்க, மழையும் பெய்ய, மாவாய்ப் போயிடும்,” என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாராம்.

“அருளம்பலம், நீ எப்ப இஞ்சினியர் ஆனனீ?” என்று கனகலிங்கம் சிரித்தாராம்.

நேற்று எங்கள் கிணற்றடியில் ஒரு சாக்கு. அதற்குள் தண்டவாளம் பூட்டுகிற இரும்புகளும் ஆணிகளும். யாரோ வைத்த சாக்கை ஸ்ரேசனிலிருந்து வந்தவர்கள் நேரே போய் எடுத்தார்கள். தேடக்கூட இல்லை.

ஆர் வைச்சது எண்டு எனக்குத் தெரியும். ஞாயிறு பின்னேரம் கனகலிங்கத்தின் பழைய லொறி எங்கள் வேலியோடு நின்றது. அந்த லொறி நிற்கும்போது இருமும். மூன்று தரம் இருமி, ஒரு சீழ்க்கை. எங்கே கேட்டாலும் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினார். “பொம்பிளைப் பிள்ளை. சாட்சி சொல்லப் போனால் நாளைக்கு ரோட்டாலை போகேலாது.”

சரி. சொல்லவில்லை.

கனகலிங்கம் விழவேண்டும். கனகலிங்கம் விழவேண்டும். கனகலிங்கம் எல்லாரும் பார்க்க விழவேண்டும்.

மார்கழி 11, வியாழன்

அப்பா இன்றும் சாப்பிடவில்லை. கனகலிங்கம் சாப்பிட்டிருப்பார். மீன் குழம்போடு.

மார்கழி 17, புதன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கனகலிங்கத்தின் மகள் தக்சாயினி என் வாங்கில்தான் இருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து. இன்று நான் கோடு கீற அடிமட்டம் கேட்டேன். “பார்த்துக் குடுங்கோடி, இரும்பு அடிமட்டம்,” என்றாள். முழு வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? என் முகம் தானாகவே சிரித்தது.

விஞ்ஞான அறையில் எல்லாரும் போனபிறகு மதகடியில் பொறுக்கிய இரண்டு கல்லை எடுத்தேன். இரண்டிலும் ஐதான அமிலம் ஒவ்வொரு துளி. கறுப்பில் ஒன்றுமில்லை. வெள்ளையில் நுரை சீறிக்கொண்டு எழும்பியது. சுண்ணாம்புக்கல் என்றால் நுரைக்கும், படித்தது போலவே. அற்புதராணி ரீச்சர் வாசலில் நின்றா.

“எங்கை எடுத்தனீ உதயகலா?”

“கிணத்தடியிலை ரீச்சர்.”

பொய். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால் என்ன நடக்கும்? ‘தெரியாமல் நடந்துபோச்சு’ என்பார் கனகலிங்கம். நாலு லொறிக் கல்லை மாற்றுவார். அவ்வளவுதான். அப்பா கள்ளனாகவே இருப்பார்.

அந்தக் கல் அங்கேயே கிடக்கட்டும். அதற்கு மேலே றெயின் வரட்டும். அப்போது தெரியும்.

மார்கழி 21, ஞாயிறு

வேலை வேகமாகப் போகிறது. சிலிப்பர்க் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தூண் போலக் கட்டினார்கள். அதன்மேல் ஜக் வைத்துத் தொங்கின தண்டவாளத்தை உயர்த்தினார்கள். கீழே கல் கொட்டி, இடித்து இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். அப்பா வேலிக்குள் நின்று பார்க்கிறார். யாராவது பிழையாக இடித்தால் அவருடைய கைகள் ஆடுகின்றன. கையில் அலவாங்கு இல்லை.

வெள்ளைக்கல் லொறி மத்தியானம் வரும். வேலையாட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து. கொட்டிவிட்டு மேலே கறுப்பு. கேக்குக்கு ஐசிங் பூசுகிற மாதிரி. பெரிய இஞ்சினியர் வந்தபோது ஐசிங்கின் மேலே நடந்து பார்த்துவிட்டுப் போனார். கள்ளன் சொன்னதை யார் கேட்பது?

நான் நாளும் நேரமும் எழுதி வைக்கிறேன். இதுவரை பதினாலு லொறி.

மார்கழி 28, ஞாயிறு

இன்று சோதனை இஞ்சின் தனியாக வந்தது. ஆள் நடக்கிற வேகம். முன்னால் ஒருவர் கொடியோடு நடந்தார். மதகுக்கு மேலே ஏறியபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். கல் நறுநறுவென்றது. தாழவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்ட மாட்டேன்.

தை 4, ஞாயிறு

மூன்று நாள் மழை. மதகுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது.

கரையட்டும். கரையட்டும்.

தை 13, செவ்வாய்

முதலில் சாமான் றெயின்தான் விடுவார்களாம். பிறகுதான் சனம் ஏறுகிற றெயின். ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் இந்த மாதத்தில் என்னோடு கதைத்த நீளமான கதை இதுதான்: “மூட்டை விழுந்தால் ஆரும் அழமாட்டினம். அதுதான்.”

அடுத்த செவ்வாய் வருகிறது. ஸ்ரேசனில் எங்கள் பள்ளிக்கூடம் வரவேற்பு. தக்சாயினி இன்று பாடம் நடக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தாள்: “அப்பா என்னை இஞ்சினிலை ஏத்துறார். மாலையோடை. மதகு தாண்டி அங்காலை மட்டும் போவன்.” பிறகு என்னைப் பார்த்தாள். “உங்கடை வீட்டடியாலை போகேக்கை கை காட்டுறன், என்ன? சாமான் ஒண்டும் கழட்டிப்போடாதை.”

போகட்டும். அவளும் போகட்டும். நல்லாய் ஏறிப் போகட்டும்.

போர்வையை இன்னும் இழுத்து மூடுகிறேன். குளிர்தான். தை மாசம்தானே.

தை 17, சனி

மரியரட்ணம் அங்கிள் வந்தார். றெயின் ஓட்டுகிறவர். எங்கள் படலையடியில் எப்போதும் இரண்டு தரம் கோன் அடிப்பார், அப்பாவுக்காக. அப்பாவைக் கள்ளன் என்று சொன்னபிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி குடித்த முதல் ஆள் அவர்தான். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“அருளம்பலம், செவ்வாய்க்கிழமை நான்தான் கொண்டு வாறன். இருபது பெட்டி. மாவும் உரமும், முட்ட முட்ட. கடுதாசியிலை எல்லாம் சரி எண்டு இருக்கு. எனக்குக் கடுதாசி வேண்டாம். உன்ரை வாயாலை சொல்லு. தாங்குமோ?”

 நான் அப்பாவின் முதுகைத்தான் பார்த்தேன். சொல்லுவார் என்று நினைத்தேன். பதினொரு வருசம் அந்தத் தண்டவாளத்தைப் பிள்ளை மாதிரிப் பார்த்தவர்.

“நான் கள்ளன் அண்ணை. கள்ளனிட்டை ஏன் கேக்கிறியள்? கனகலிங்கத்தாரைக் கேளுங்கோ.”

அங்கிள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். “உனக்கு என்னிலையும் கோவமே?” என்று கேட்டார். 

அவர் போனபிறகு அப்பா திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார். சின்னச் சிரிப்பு, வாய் ஒரு பக்கம் மட்டும். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். போர்வைக்குள் என் வாய் அப்படித்தான் போகும்.

நான் மட்டும்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்தேன். அப்பாவும் காத்திருக்கிறார்.

எனக்குக் கனகலிங்கத்தைப் பார்த்தும் பயம்தான். ஆனால் இண்டைக்கு என்ரை அப்பாவைப் பார்க்கப் பயமா இருந்தது. கடவுளே, மரியரட்ணம் அங்கிள் என்ன செய்தவர்? என்ன செய்தவர் எங்களுக்கு?

தை 19, திங்கள்

இஞ்சின் சில்லுக்குக் கீழே வைக்க நாலு தேசிக்காய் வேண்டுமாம். யார் கொண்டு வருவது என்று ரீச்சர் கேட்டா. நான் கை உயர்த்தினேன்.

பின்னேரம் குசினியில் வெள்ளைக்கல்லைக் கத்தியால் சுரண்டி, அந்தத் தூளில் தேசிப்புளி பிழிந்து பார்த்தேன். அமிலம் போல வேகமில்லை. ஆனால் நுரைக்கிறது. சத்தமும் கேட்கிறது, காதுக்குக் கிட்டப் பிடித்தால்.

விடமாட்டேன். கனகலிங்கத்தை விடமாட்டேன். ஆனால் றெயினை எடுக்க விடவும் மாட்டேன்.

தை 20, செவ்வாய்

இப்போது இரவு ஏழரை. வீட்டில் நான் தனிய. விரைவாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு றெயின் வந்தது. கனகலிங்கம் பட்டு வேட்டி. பெரியவர்கள் எல்லாருக்கும் அவர்தான் மாலை போட்டார். தக்சாயினியை இஞ்சினில் ஏற்றினார்கள். அவள் என் பக்கம் பார்த்துக் கை காட்டினாள். நான் தட்டத்தோடு இறங்கி மூன்று தேசிக்காயை மூன்று சில்லுக்குக் கீழே வைத்தேன். நாலாவதை வைக்கவில்லை. தட்டத்துக் கத்தியால் இரண்டாக வெட்டிக்கொண்டு இஞ்சின் படியில் ஏறினேன். 

“அங்கிள், இதைப் பாருங்கோ.” இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். அது கத்தலாகப் போய்விட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்துச் சுரண்டினேன். பிழிந்தேன். நுரைத்தது.

“எங்கத்தைக் கல்லு?” என்றார் அங்கிள்.

“மதகடி. மேலை மட்டும்தான் கறுப்பு. இருபத்தொரு லொறி வெள்ளை. நாள் எழுதி வைச்சிருக்கிறன்.”

“அது அந்தக் கள்ளன்ரை பெட்டை!” கனகலிங்கம் கீழே நின்று கத்தினார். “இறக்குங்கோ அவளை!”

அங்கிள் என்னை இறக்கவில்லை. கல்லை வாங்கித் தக்சாயினியின் கையில் வைத்தார். “நீயும் படிக்கிற பிள்ளைதானே. என்ன இது?”

அவளுக்குத் தெரியும். ஒரே பாடம்தான், ஒரே வாங்குதான். அவள் அந்த நுரையைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

“அப்பா, இது தெரிஞ்சோ என்னை ஏத்தினீங்கள்?”

“வெள்ளைக் கல்லும் கல்லுத்தானே பிள்ளை,” என்றார். அவ்வளவு பெரிய மனுசனுக்கு அவ்வளவு சின்னக் குரல். இறங்கச் சொல்லிக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினாள். நீட்டின கை அப்படியே நின்றது.

ஒன்றரை மாதமாக நான் நினைத்தது பெட்டிகள் விழும், பொலிஸ் வரும், அவர் கையில் விலங்கு. அவர் வேட்டியில் மண்கூட ஒட்டவில்லை. ஆனால் அந்தக் கையை நான் பார்த்தேன். நல்லாய்ப் பார்த்தேன். பாவமாக இருந்தது என்று எழுத மாட்டேன். இனித்தது. விரல் வெடிப்பில் தேசிப்புளி எரிந்துகொண்டிருந்தது, அதுவும் இனித்தது.

“நான் எடுக்கமாட்டன்,” என்று அங்கிள் கீழே இறங்கிவிட்டார். “முதல்லை அருளம்பலத்தைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அப்பா வந்து மதகடியில் ஒரு முழம் கிண்டினார். இஞ்சினியர் கை வைத்தார். முழங்கை வரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது வெள்ளைக் களி.  ஒருவர் தன் அலவாங்கை அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நீயும் பார்த்துக்கொண்டே இருந்தனீ?”

“ஓம்.”

“நானும்தான்,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் வேலைக்கு இறங்கிவிட்டார்.

இப்போது லைற் போட்டு முழுவதையும் தோண்டுகிறார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டு போய்விட்டார். றெயின் இன்னும் ஸ்ரேசனில்தான் நிற்கிறது. இஞ்சின் உறுமுவது இங்கே கேட்கிறது.

எழுதாமல் விட்ட ஒன்று. ஸ்ரேசனை விட்டுப் போகும்போது கனகலிங்கம் எனக்குக் கிட்ட வந்தார். மெதுவாக, மரியாதையாகக் கேட்டார்: “பிள்ளையின்ரை வீடு மதகுக்கு நேரை, என்ன?” நான் யோசிக்காமல் “ஓம்” என்றேன். வீட்டை அவருக்குத் தெரியாதா? சாக்கு வைக்கத் தெரிந்தவருக்கு?

கதவு தட்டுகிறார்கள்.

அம்மா தட்டமாட்டார். அப்பா கூப்பிட்டுக்கொண்டுதான் வருவார்.

திரும்பவும்.

“உதயா, கதவைத் திறவடி. நான்தான்.”

தக்சாயினியின் குரல். அழுகிற மாதிரி இருக்கிறது. தனிய வந்திருக்கிறாளா? திறக்கட்டோ?

வெளியே ஏதோ இருமுகிறது. ஒன்று. இரண்டு. மூன்று. சீழ்க்கை.

அவளுக்கு லொறி ஓடத் தெரியாது. அப்ப ஆர் அவளைக் கூட்டிக்கொண்டு