கூட்ட மறந்த ஒரு சென்டி

அருமை மாப்ளே,

என் தங்கச்சி பாக்கியத்தைக் கட்டுவதற்கு முன்பே நீ என் சேக்காளி. அந்த உரிமையில்தான் அன்றைக்கு உன்னை அப்படிப் பேசிவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகியும் அது என்னை அறுக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சுக்கு நான் செய்த மூன்று கிடாரும் ஒன்றுபோல அபஸ்வரம். தந்தியைச் சும்மா தட்டினால் சரி, விரல் வைத்து மேலே போகப் போகச் சுருதி ஏறியது. மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கழுத்தில் மெட்டுக்கம்பிகள் பதிக்கச் சரியான இடைவெளியில் கோடு அறுக்க, மில் ஃபிட்டரான நீ இரும்பில் செய்த ஜிக், அந்த வழிகாட்டிச் சட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

"ஏலே, ஒன் ஜிக்குதான் கோணல்!"

"ஜிக்கு சரியாத்தான் இருக்கு மச்சான். செத்த நேரம் பொறு, வேற எங்கன்னு பாப்போம்."

பொறுத்தேனா? தூக்கிப் பழைய இரும்போடு எறிந்தேன். அந்த வாரமே மில்லில் உனக்கு நெஞ்சுவலி. மன்னிப்புக் கேட்க எனக்கு நேரம் எங்கே கொடுத்தாய்?

போன மாதம் நாலாவது கிடாருக்குத் தந்திகளைத் தாங்கும் குதிரையை ஒட்ட அளந்துகொண்டிருந்தேன், உன் முனை தேய்ந்த மீட்டர் ஸ்கேலால். உன்னைப் போலவே ஒன்றாம் கோட்டிலிருந்து பிடித்து, வேண்டிய நீளமான அறுபத்தைந்தில் பென்சில் வைத்தேன். டீ கொண்டுவந்த பாக்கியம் நின்றுவிட்டாள்.

"ஏண்ணே, அவிய ஒண்ணுல புடிச்சா கடைசில ஒண்ணு கூட்டுவாவ. நீங்க கூட்டலையே?"

முதல் மூன்றையும் இதே ஸ்கேலால் இப்படியேதான் அளந்திருந்தேன். மூன்று கிடாரிலும் குதிரையை ஒரு சென்டி முன்னால் ஒட்டியவன் நான். பழி மட்டும் உனக்கு.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவளும் அழுதாள். பிறகு, "இத என்கிட்ட சொல்லி என்ன? அவியகிட்டயே சொல்லுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜிக்கைத் தேடியெடுத்து மண்ணெண்ணெய் போட்டுத் துரு நீக்கினோம். இப்போது அதில் கோடு அறுப்பது பாக்கியம்தான். என்னைவிட நேராக அறுக்கிறாள், போ! மூன்று கிடாரிலும் குதிரையைப் பெயர்த்து ஒரு சென்டி பின்னால் நகர்த்திக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்றையும் சேர்த்து வாசித்தார்கள். எம்புட்டு இனிமை தெரியுமா? உனக்குக் கேட்டதா மாப்ளே? இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார்கள்.

இனி செய்கிற ஒவ்வொரு கிடாரின் வயிற்றுக்குள்ளும் உன் பெயர் இருக்கும். எதில் பழுது வந்தாலும் முதலில் என் கையைத்தான் பார்ப்பேன். இது சத்தியம்.

ஒன்றைக் கூட்ட மறந்த,
உன் மச்சான்