அறுத்துவிட்ட காத்தாடி

மயிலாப்பூர்,
6-5-1942

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

காத்தாடி செய்யும் வலியுல்லா சலாம் சொல்லி எழுதுவது. நீங்கள் கற்றுக்கொடுத்த எழுத்து, எல்லாம் என் கையால் எழுதியதே. ஒரு வரி முடிவதற்குள் ஒரு பீடி தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஜப்பான்காரன் குண்டு விழும் என்று நீங்கள் வேலூருக்குப் போனபின் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கல்லூரியில் நடத்தும் இங்கிலீஷ் பாட்டுகளை எனக்கும் சொல்வீர்களே. அந்தப் பாட்டுகளில் காற்று வெறும் காற்றல்ல, உயிர்மூச்சு. ஒரு கையால் அழிக்கும், மறுகையால் எழுப்பும். கூப்பிட்டால் கேட்கும் என்பீர்கள். அதை நினைத்து இன்று ஒரு காரியம் செய்தேன். ரங்கூனில் கப்பல் ஏறி இன்னும் வந்து சேராத என் மகன் ஷஃபியுல்லாவுக்கு, "மகனே, வந்துவிடு" என்று காத்தாடியில் எழுதினேன். நொச்சிக்குப்பத்தில் விடிகாலை நிலக்காற்றில் கடல்மேல் ஏற்றி, நூலை அறுத்துவிட்டேன். மீன் விற்கும் முனியம்மாள் சிரித்தாள்: "இன்னா பாய், காத்துக்கே தபாலா? ஸ்டாம்பு ஒட்னியா?"

வலியுல்லா

வேலூர்,
14-5-1942

வலியுல்லா பாய்க்கு,

உங்கள் எழுத்து என் மாணவிகளுடையதைவிடத் தெளிவு. ஆனால் அந்தக் கவிஞர்கள் காற்று என்று சொன்னது தங்கள் மனத்துக்குள் எழுந்ததை. காற்றிடம் எவ்வளவோ கேட்டார்கள். பதில் வாங்கியவர் யாருமில்லை. கடற்கரைக்குப் போகாதீர்கள். இங்கே ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன்.

வேம்பு

மயிலாப்பூர்,
24-5-1942

டீச்சரம்மா,

பதில் வந்துவிட்டது. நேற்று முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்த வேளையில் என் காத்தாடி கூரையில் வந்து உட்கார்ந்திருந்தது. பதினேழு நாள் எங்கே இருந்ததோ, மை கலையவில்லை. ஒரு கிழிசலுக்கு முக்கோணமாக ஒட்டுப் போட்டிருக்கிறது. நான் சதுரமாகத்தான் ஒட்டுவேன். முக்கோணம் ஷஃபியின் கைவேலை. பசை இன்னும் ஈரம். "மகனே" என்பதை ஒட்டு மறைத்துவிட்டது. "வந்துவிடு" மட்டும் மிச்சம்.

என்னைத்தான் கூப்பிடுகிறான். வெள்ளிக்கிழமை குப்பத்து நாகராஜின் கட்டுமரத்தில் கிழக்கே போகிறேன். முனியம்மாள் திட்டுகிறாள்: "தூக்கிக் கடாசு பாய். அது வந்த தெச சரியில்ல." அவளுக்குப் பாட்டுத் தெரியாது.

வலியுல்லா

வேலூர்,
26-5-1942

பாய், போகாதீர்கள்.

மார்ச்சில் கப்பல் கம்பெனியிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தைப் படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தீர்கள். "இன்னும் தகவல் இல்லை" என்றேன். அதில் இருந்தது அதுவல்ல. கப்பல் மூழ்கிவிட்டது. யாரும் பிழைக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள்.

வேம்பு

மயிலாப்பூர்,
30-5-1942

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை.

கடலுக்குப் போகவில்லை. நேற்று ஷஃபி பேருக்கு ஃபாத்திஹா ஓதினோம். இனி நீங்கள் எழுதினால் படிப்பேன். பதில் எழுத மாட்டேன்.

காலையிலிருந்து கூரையில் மறுபடியும் காகிதம் படபடக்கிறது. காற்று இல்லை. நான் ஏறிப் பார்க்கவில்லை.

வலியுல்லா